சாலை மரங்களுக்காக யார் பேசுவது?

(பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி, சமூக அறிவியல் மன்றத்தின் சார்பில்)

அசோகர் சாலையின் இருமருங்கிலும் மரங்களை நட்டார். ஆறாம் வகுப்பு முதல் இந்த வாக்கியத்தை நாம் எத்தனை தேர்வுகளில் எழுதியிருப்போம்! மதிப்பெண்ணும் பெற்றிருப்போம். ஆனால் அந்த மரங்களுக்குத் தண்ணீர் ஊற்றியவர் யார், ஆடுமாடு கடிக்காமல் வேலி கட்டியவர் யார், சாலையை அகலப்படுத்த வேண்டும் என்று பின்னால் ஒருவர் கோடரியோடு வந்து நின்றபோது ‘வேண்டாம்’ என்று சொன்னவர் யார் என்று எந்த வினாத்தாளிலும் கேட்டதில்லை. நாங்களும் கேட்டதில்லை, இந்த ஆண்டு ஜூலை மாதம் வரையில்.

ஜூலையில் ஒரு திங்கட்கிழமை காலை பள்ளிக்கு வந்தபோது, பள்ளி வாசலிலிருந்து பேருந்து நிறுத்தம் வரையுள்ள மரங்களுள் ஏழின் அடிப்பகுதியில் சிவப்பு வண்ணத்தால் வட்டமிட்டு எண் எழுதியிருந்தார்கள். ஏதோ விழாவுக்கான அலங்காரம் என்று சிறு வகுப்புப் பிள்ளைகள் நினைத்தார்கள். எங்களுக்கும் முதலில் விளங்கவில்லை. நான்காம் எண் மரத்தடியில் வறுகடலை விற்கும் ஆயாதான், “மழைத்தண்ணி போக வாய்க்கா கட்டப் போறாங்களாம் கண்ணு. இந்த ஏழும் போவுதாம்” என்றார். அந்த நான்காம் எண் ஒரு தூங்குமூஞ்சி மரம். எங்கள் தாய்மார் இதே பள்ளியில் படித்த காலத்திலும் ஆயா அதன் நிழலில்தான் அமர்ந்திருந்தாராம். அப்போது அவர் ஆயா இல்லை, அக்கா.

அன்று மதிய உணவு இடைவேளை முழுவதும் இதே பேச்சுத்தான். சிலர் அழுதார்கள். சிப்கோ இயக்கத்தாரைப் போல மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் என்றார்கள் சிலர். (1973இல் தொடங்கிய அந்த இயக்கத்தையும், 1974இல் ரேணி கிராமத்துப் பெண்கள் செய்ததையும் ஆண்டுதோறும் கட்டுரை நோட்டில் எழுதுகின்றோம், ஆதலின் இங்கே விரிக்கவில்லை.) எங்கள் சமூக அறிவியல் ஆசிரியை எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “கட்டிப் பிடிப்பதற்கு முன்னால் எண்ணிப் பார்த்தீர்களா? நம் தெருவில் மொத்தம் எத்தனை மரம்?” என்றார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை. ஐந்து வயது முதல் தினமும் இரண்டு வேளை நடக்கும் தெரு அது.

ஆகவே எண்ணத் தொடங்கினோம். தலைமைச் சகோதரியின் அனுமதியோடு சனிக்கிழமைகளில் ஆசிரியை இருவர் துணைவர, நால்வர் நால்வராகப் பிரிந்து சென்றோம். மரக் கணக்கெடுப்புக்கு ஒரு முறை இருக்கின்றது. ‘பெரிய மரம்’, ‘சின்ன மரம்’ என்று எழுதினால் எந்த அலுவலகத்திலும் அதை மதிக்க மாட்டார்கள். தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில், அதாவது 1.37 மீட்டரில், அடிமரத்தின் சுற்றளவை அளக்க வேண்டும். இதை மார்பளவு உயரச் சுற்றளவு என்பர். உலகில் எங்கே யார் அளந்தாலும் ஏறக்குறைய இதே உயரத்தில்தான் அளக்கின்றார்கள். அப்போதுதான் இன்று நாம் அளந்ததைப் பத்து ஆண்டு கழித்து வேறொருவர் அளந்து ஒப்பிட முடியும். தையல் ஆசிரியையிடம் டேப் இரவல் வாங்கினோம். அந்த டேப் ஒன்றரை மீட்டர்தான். தூங்குமூஞ்சி மரத்துக்குப் போதவில்லை. கயிறு சுற்றிப் பிறகு கயிற்றை அளந்தோம். 330 செ.மீ. வந்தது. அதை 22/7ஆல் வகுத்தால் விட்டம் 105 செ.மீ. கணக்குப் பாடத்தில் வட்டம் எதற்கு என்று கேட்ட தோழி அன்று வாய் திறக்கவில்லை.

எங்கள் பதிவேட்டில் ஏழு கட்டங்கள் வைத்தோம். எண், மரத்தின் பெயர், சுற்றளவு, கிளைகளின் நிலை, அடியில் சிமெண்ட் இல்லாத மண் எவ்வளவு, ஆணிகள், பயன்படுத்துவோர். இந்தக் கடைசிக் கட்டம் எங்களுடன் வந்த ஏழாம் வகுப்புத் தங்கை ஒருத்தி சொன்னது. அதுவே பின்னால் மிகவும் பயன்பட்டது. மற்றக் கட்டங்களில் எண்கள் இருந்தன. இந்தக் கட்டத்தில் இஸ்திரி வண்டிக்காரர் இருந்தார், பேருந்துக்கு நிற்கும் கர்ப்பிணிப் பெண்கள் இருந்தார்கள், பகல் சாப்பாட்டை அங்கே அமர்ந்து உண்ணும் துப்புரவுப் பணியாளர்கள் இருந்தார்கள், இரண்டு கிளிகளும் இருந்தன. கிளிகளை எழுதலாமா என்று தயங்கினோம். எழுதிவிட்டோம்.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் பத்தொன்பதாம் மரம் வரை மட்டுமே எண்ணியிருந்த வேளையில், சிவப்பு எண்கள் 1, 2 ஆகிய இரண்டு மரங்களையும் வெட்டிவிட்டார்கள். திங்களன்று வந்தபோது அடிக்கட்டைகள் மட்டும் இருந்தன. அவற்றுள் ஒன்று இயல்வாகை. மஞ்சள் பூக்கள் இன்னும் வாடாமல் சாக்கடையோரம் கிடந்தன. எண்ணிக்கொண்டே இருந்தால் போதாது, எண்ணும்போதே எழுதவும் வேண்டும் என்று அன்றுதான் உணர்ந்தோம்.

இதற்கு முன்னமே இப்படி ஒன்று பெரிய அளவில் நடந்திருக்கின்றது. மும்பையில் ஆரே காலனி என்னும் பசுமைப் பகுதியில் மெட்ரோ ரயில் பணிமனை கட்டுவதற்கு எதிராக மக்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2019 அக்டோபர் 4ஆம் நாள் பம்பாய் உயர்நீதிமன்றம் அந்த மனுக்களைத் தள்ளுபடி செய்தது. அன்றிரவே வெட்டத் தொடங்கினார்கள். சட்டக் கல்லூரி மாணவர் ஒருவர் உச்சநீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தையே மனுவாக ஏற்று, அக்டோபர் 7ஆம் நாள் நீதிமன்றம் மரம் வெட்டுவதை நிறுத்தி வைத்தது. ஒரு மாணவரின் கடிதத்துக்கு அத்தனை வலிமை! ஆனால் அந்த மூன்று நாளுக்குள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மரங்கள் வீழ்ந்துவிட்டன.

பெங்களூரு மக்கள் முந்திக்கொண்டார்கள். பசவேசுவரர் வட்டத்திலிருந்து ஹெப்பாள் வரை 6.7 கி.மீ. நீளத்துக்கு இரும்பு மேம்பாலம் கட்ட அரசு திட்டமிட்டது. 812 மரங்களை வெட்ட வேண்டியிருக்கும் என்று அரசுத் தரப்பே சொன்னது. 2016 அக்டோபர் 16ஆம் நாள் ஆயிரக்கணக்கானோர் அந்தச் சாலையில் கைகோத்து நின்றார்கள். முதியவர்களும் குழந்தைகளும் நின்றார்கள். கூச்சலும் கல்வீச்சும் இல்லை. 2017 மார்ச்சு மாதத்தில் அத்திட்டம் கைவிடப்பட்டது. மனிதச் சங்கிலி மட்டுமே அதைச் செய்யவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். செலவு பற்றிய கேள்விகளும் வழக்குகளும் கூடவே நடந்தன. கர்நாடகத்தில் 1976ஆம் ஆண்டு முதல் மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கின்றது. ஐம்பதுக்கு மேற்பட்ட மரங்களை வெட்டுவதென்றால் பொதுமக்களின் கருத்தைக் கேட்க வேண்டும் என்பது அதில் ஒரு விதி. மகாராஷ்டிரத்தில் நகர மரங்களுக்கென்றே 1975ஆம் ஆண்டுச் சட்டமும், தில்லியில் 1994ஆம் ஆண்டுச் சட்டமும் உண்டு.

நம் தமிழ்நாட்டில் மலைப்பகுதி மரங்களைக் காக்க 1955ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. சமவெளி நகரங்களில் வாழும் நமக்கு வழி எது என்று தேடினோம். மாவட்ட ஆட்சியரைத் தலைவராகக் கொண்ட மாவட்டப் பசுமைக் குழு என்று ஒன்று இருப்பதை அறிந்தோம். பொது இடத்து மரங்களை வெட்டுவதற்கு அக்குழுவின் அனுமதி வேண்டும். இதை நாங்கள் சொன்னபோது பெற்றோரில் பலர் வியந்தார்கள். வெட்டுகிறவர் அரசு ஆளாக இருந்தால் அனுமதியே தேவையில்லை என்றுதான் எல்லாரும் எண்ணியிருந்தார்கள். இனித் தெருவில் ஒரு மரத்துக்குக் கோடரி வந்தால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, ‘பசுமைக் குழுவின் அனுமதி ஆணை எங்கே?’ என்பதே. பணிவாகக் கேட்கலாம். ஆனால் கேட்க வேண்டும்.

இனி, எங்களுக்கு எதிராகச் சொல்லப்பட்டதையும் எழுத வேண்டும். எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தந்தை ஆட்டோ ஓட்டுகிறவர். கையெழுத்துக் கேட்டு அவர் வீட்டுக்குச் சென்றபோது, “மரமா? அதோட பேச்சையே எடுக்காதீங்கம்மா” என்றார். 2016 டிசம்பர் 12ஆம் நாள் வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது, அவருடைய ஆட்டோ மீது ஒரு மயில்கொன்றை மரம் சாய்ந்தது. கடன் வாங்கி வாங்கிய வண்டி. நாங்கள் அப்போது முதல் வகுப்பில் இருந்தோம்; பள்ளி விடுமுறை என்று மகிழ்ந்தது மட்டுமே எங்களுக்கு நினைவில் இருக்கின்றது. அவருக்கு நினைவிருப்பது வேறு. தோழி தலைகுனிந்து நின்றாள். எங்களிடம் பதில் இல்லை. வீட்டுக்குத் திரும்பிப் படிக்கத் தொடங்கினோம்.

வர்தாவில் சென்னை நகரம் ஆயிரக்கணக்கான மரங்களை இழந்தது. ஏன் அத்தனை மரங்கள் விழுந்தன? காற்று பலமாக அடித்தது, உண்மைதான். ஆனால் எல்லா மரங்களும் விழவில்லையே! மயில்கொன்றை, இயல்வாகை முதலான விரைவாக வளரும் மரங்களின் கிளைகள் எளிதில் முறிபவை. வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து, சீக்கிரம் நிழல் தரும், அழகாகப் பூக்கும் என்பதற்காகச் சாலையெங்கும் நட்டார்கள். அது ஒரு காரணம். மற்றொரு காரணம் தரைக்குக் கீழே இருக்கின்றது. மரத்தின் வேர் கிணறுபோல நேரே கீழே இறங்குவதாகப் படத்தில் வரைகின்றோம். உண்மையில் பெரும்பாலான வேர்கள் மேல்மண்ணின் இரண்டடி ஆழத்துக்குள்ளேயே பக்கவாட்டில் பரவி, கிளைகளின் எல்லையையும் தாண்டிச் செல்கின்றன. மின்கம்பிக்காக ஒரு பக்கம் தோண்டுகிறார்கள், தண்ணீர்க் குழாய்க்காக மறுபக்கம், தொலைபேசிக்காக இன்னொரு பக்கம். ஒவ்வொரு முறையும் வேரை வெட்டிவிட்டு மேலே மண்ணைத் தள்ளி மூடுகின்றார்கள். பிறகு நடைபாதைச் சிமெண்டை அடிமரத்தைத் தொடும்வரை போட்டு இறுக்குகின்றார்கள். மூச்சும் நீரும் இன்றி மிச்ச வேர்களும் நலிகின்றன. இத்தகைய மரம் உறுதியான நாட்டு வேம்பாகவே இருந்தாலும் புயலில் நிற்குமா? காலை வெட்டிவிட்டு ஓடச் சொல்வது போன்றது அது.

எங்கள் பதிவேட்டைப் புரட்டினோம். மொத்தம் 41 மரங்கள். அவற்றுள் 26க்கு அடியில் ஒரு சாண் மண்கூட இல்லை. தில்லியில் 2013ஆம் ஆண்டு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குச் சிமெண்டை அகற்ற வேண்டும் என்று ஆணையிட்டது. ஒரு மீட்டர்! எங்கள் தெருவில் ஒரு சாணுக்கே வழியில்லை.

மறுவாரம் அந்த ஆட்டோக்கார மாமாவிடம் மறுபடியும் சென்றோம். இம்முறை மரம் நல்லது என்று பாடம் நடத்தவில்லை. “மாமா, எந்தக் கிளையைப் பார்த்தால் உங்களுக்குப் பயம்?” என்று கேட்டோம். அவர் எங்களோடு தெருவில் இறங்கி நடந்து, ஆறு கிளைகளைக் காட்டினார். அவற்றுள் நான்கு காய்ந்தவை. ‘கிளைகளின் நிலை’ என்னும் கட்டத்தில் நாங்கள் ‘நன்று’ என்று எழுதியிருந்த மரம் ஒன்றும் அதில் அடங்கும். அன்று மாலையே மனுவில் ஒரு கோரிக்கையைச் சேர்த்தோம்: ஆண்டுதோறும் மழைக்காலத்துக்கு முன் காய்ந்த கிளைகளை முறைப்படி கழிக்க வேண்டும், ஒருபக்கக் கிளைகளை மட்டும் வெட்டி மரத்தைச் சாய்ந்து நிற்கும்படி விடக்கூடாது. அவர் கையெழுத்திட்டார். பக்கத்தில், ‘காய்ஞ்ச கிளையை வெட்டினால்’ என்றும் எழுதினார். அதை அழிக்காமல் அப்படியே கொடுத்தோம்.

ஆணிகளைப் பற்றியும் ஒரு சொல். 41 மரங்களில் 17இல் ஆணி இருந்தது. டியூஷன் சென்டர், வீடு வாடகை, மூலநோய்க்கு மருந்து. எங்கள் பள்ளியின் ஆண்டுவிழா அறிவிப்பு ஒன்றும் இருந்தது! சென்னை மாநகராட்சி இதைத் தண்டனைக்குரிய குற்றமென அறிவித்திருக்கின்றது. அறிவிப்பைக் கட்டிய பணியாளரிடம் சொல்லி, இந்த ஆண்டு அதைச் சுவரில் ஒட்டச் செய்தார்கள் தலைமைச் சகோதரி. ஆணி தைத்த புண்ணின் வழியாகப் பூஞ்சையும் பூச்சியும் உள்ளே புகுகின்றன என்பது உயிரியல் ஆசிரியை சொன்ன விளக்கம்.

மரங்கள் நகரத்துக்கு ஏன் வேண்டும் என்பதை நாங்கள் நீட்டி எழுதப் போவதில்லை. ஆகஸ்டு மாதத்து நண்பகலில் செருப்பைக் கழற்றித் தூங்குமூஞ்சி மரத்தின் நிழலில் ஒரு நிமிடமும், வெட்டப்பட்ட இயல்வாகை இருந்த தார்ச்சாலையில் ஒரு நிமிடமும் நிற்பது என்று பந்தயம் வைத்தோம். தார்ச்சாலையில் எவரும் ஒரு நிமிடம் நிற்கவில்லை. நிழல் ஒரு பாதிதான். இலைகள் ஆவியாக வெளிவிடும் நீரும் சுற்றுப்புறத்தைக் குளிர்விக்கின்றது என்பதைத் தாவரவியலில் நீராவிப்போக்கு என்ற பாடத்தில் படித்திருக்கின்றோம். மழை வேகமாகத் தரையில் விழாமல் இலைகள் தாங்கி மெல்ல இறக்குகின்றன. மழைநீர் வடிகாலுக்காக மரத்தை வெட்டுவதில் உள்ள முரண்பாட்டை இதைப் படித்த பின்தான் கவனித்தோம்.

சென்னையில் எவ்வளவு பசுமை இருக்கின்றது? இந்திய வன நில அளவைத் துறையின் 2021ஆம் ஆண்டு அறிக்கை, 426 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சென்னையில் 22.70 ச.கி.மீ. வனப்பரப்பு இருப்பதாகக் கூறியது. அதாவது நூற்றுக்கு ஐந்து என்ற அளவு. அதே அறிக்கையில் மும்பைக்கு 110.77 ச.கி.மீ., பெங்களூருக்கு 89.02 ச.கி.மீ. ஒரு செய்தியை இங்கே கவனிக்க வேண்டும். அந்தக் கணக்கில் வனப்பரப்பு என்றால் ஒரு ஹெக்டேருக்குக் குறையாமல் மரங்கள் அடர்ந்த இடம். கிண்டி போன்ற காடுகளும் பெரிய வளாகங்களும் அதில் தெரியும். கடலைக்கார ஆயாவின் தூங்குமூஞ்சி மரம் அதில் தெரியாது. வானிலிருந்து எடுக்கும் கணக்கில் விடுபடும் மரத்தைத் தெருவில் நடப்பவர்தாம் எண்ண வேண்டும். சென்னையில் 2005ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ‘நிழல்’ என்னும் அமைப்பார் இதைத்தான் செய்து வருகின்றார்கள். மரங்களை அறிந்துகொள்ளும் நடைப்பயணங்களை நடத்துகின்றார்கள். தன்னார்வலரைக் கொண்டு மரக் கணக்கெடுக்கின்றார்கள். அடையாற்றங்கரையில் கோட்டூர்புரத்தருகே குப்பை கொட்டிக் கிடந்த நிலத்தை, 2006 முதல் அப்பகுதி மக்களின் கைகொண்டே நாட்டு மரங்கள் நிறைந்த பூங்காவாக மாற்றியவர்களும் அவர்களே.

இனி எங்கள் மனுவின் கதை. பதிவேட்டின் படி, ஏழாம் வகுப்புத் தங்கை வரைந்த தெருப்படம், 212 கையெழுத்துகள் ஆகியவற்றை இணைத்து மூன்று அலுவலகங்களுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். ஓர் அலுவலகத்தில் நேரில் கொடுக்கச் சென்றபோது, “படிக்கிற பிள்ளைங்களுக்கு எதுக்கும்மா இதெல்லாம்?” என்றார் ஒருவர். மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு ரசீது தர மறுத்தார். எங்களுடன் வந்த சகோதரி ஒன்றும் பேசாமல் அங்கிருந்த பெஞ்சில் அமர்ந்து செபமாலையைக் கையில் எடுத்தார்கள். முக்கால் மணி நேரத்தில் ரசீது வந்தது.

எங்களுக்கு வாக்குரிமை இல்லை. ஆகையால் வாக்காளர்கள் பேசும் பகுதி சபைக் கூட்டத்துக்கு எங்கள் அம்மாக்கள் சென்றார்கள். தமிழக நகரங்களில் 2022 நவம்பர் 1ஆம் நாள் முதல் இத்தகைய சபைகள் கூடுகின்றன என்பதே எங்களுள் பலருடைய வீட்டில் தெரியாது. அங்கே ஓர் அம்மா கேட்ட கேள்வி எளியது: “வாய்க்காலை மரத்துப் பக்கமா தோண்டுறதுக்குப் பதிலா ரோட்டுப் பக்கம் ரெண்டடி தள்ளித் தோண்டினா என்ன?” மரத்தை வெட்டாதே என்று மட்டும் சொல்லியிருந்தால், வெள்ளம் வந்தால் நீ பொறுப்பா என்று கேட்டிருப்பார்கள். மாற்று வழியைச் சொன்னதால் பொறியாளர் படத்தை விரித்துப் பார்க்க வேண்டியதாயிற்று.

முடிவு இதுதான். முதலில் வெட்டிய இரண்டும் போயின. மீதி ஐந்தில் ஒன்று, மழலையர் வகுப்பு வாசலை ஒட்டி நின்ற மயில்கொன்றை. உள்ளே பொந்து விழுந்திருந்தது. அதை எடுத்துவிடலாம் என்று நாங்களே மனுவில் எழுதியிருந்தோம். அப்படி எழுதும்போது எங்களுக்குள் சண்டை வந்தது. இரண்டு நாள் சிலர் பேசிக்கொள்ளவில்லை. இன்னொன்று, ஒரு பூவரசு, எவ்வளவு கேட்டும் வெட்டப்பட்டது. வடிகாலைச் சற்று வளைத்ததால் மூன்று தப்பின. நான்காம் எண் அவற்றுள் ஒன்று. அதன் அடியைச் சுற்றி நடைபாதைக் கல்லைப் பெயர்த்து மண் விட்டிருக்கின்றார்கள். ஒரு மீட்டர் இல்லை, இரண்டு அடி. ஆயா தம் கடலைக் கூடையைச் சற்று நகர்த்தி வைத்துக்கொண்டார்.

தூங்குமூஞ்சியும் தென்னமெரிக்காவிலிருந்து வந்த மரந்தானே, அதை மட்டும் காப்பாற்றலாமா என்று விஞ்ஞான மன்றத்தார் எங்களைக் கேலி செய்தார்கள். நியாயமான கேள்வி. புதிதாக நடுவதென்றால் நாட்டு மரத்தை நடுவோம். பல பத்தாண்டு நின்று நிழல் தரும் மரத்தை, வந்த ஊர் எது என்று கேட்டு வெட்டுவதில்லை. இதுவே எங்கள் பதில். மாலையிலும் வானம் மூடும்போதும் அது இலைகளை மடித்துக்கொள்வதை இப்பொழுது கணக்காசிரியைகூட நின்று பார்க்கின்றார்கள்.

நடுவதைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. 1950ஆம் ஆண்டில் கே. எம். முன்ஷி மத்திய அமைச்சராக இருந்தபோது வனமகோத்சவம் தொடங்கியது. அன்று முதல் ஜூலைதோறும் நாடெங்கும் கன்றுகள் நடப்படுகின்றன. எங்கள் பள்ளியிலும் நடுகின்றோம். புகைப்படமும் இம்மலரில் வருகின்றது. பழைய ஆண்டு மலர்களைப் புரட்டியபோது, ஒரே சுவரோரத்தில், ஒரே குழியில், மூன்று ஆண்டுகள் மூன்று கன்றுகள் நட்டிருப்பதைக் கண்டோம். மூன்றும் இன்றில்லை. கோடை விடுமுறையில் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை, அவ்வளவுதான்.

வெட்டிய ஒரு மரத்துக்குப் பத்துக் கன்றுகள் நட வேண்டும் என்று நிபந்தனை விதிப்பதுண்டு. நல்லதுதான். எங்கள் தெருவில் நான்கு மரங்கள் போயின. ஆகவே நாற்பது கன்றுகள். அவற்றை ஊருக்கு வெளியே ஓர் ஏரிக்கரையில் நட்டால் கணக்கு நேராகிவிடும், பேருந்து நிறுத்தத்தில் நிற்பவருக்கு நிழல் கிடைக்காது. அதனால் நாங்களே தெருவை மறுபடியும் நடந்து, கன்று நடத்தக்க இடங்களைக் குறித்தோம். பதினொன்று கிடைத்தன. மின்கம்பிக்குக் கீழே என்றால் அதிக உயரம் போகாத சரக்கொன்றை, மந்தாரை. கம்பி இல்லாத இடத்தில் புங்கம், வேம்பு, மகிழம், நாவல் என்று எழுதிக் கொடுத்தோம். (நாவல் வேண்டாம், பழம் விழுந்து சீருடை கறைபடும் என்று ஒரு தாயார் கூறினார்கள். ஒன்றுக்கு மட்டும் இடம் விட்டுக்கொடுத்தார்கள்.) இதுவரை ஏழு நட்டாயிற்று. ஐந்து உயிரோடிருக்கின்றன. ஒன்றை ஆடு தின்றது. ஒன்று எப்படிப் போயிற்று என்று தெரியவில்லை.

2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தைத் தொடங்கியது. மாநிலத்தின் வன, மரப் பரப்பைச் சுமார் 24 விழுக்காட்டிலிருந்து 33 விழுக்காடாக உயர்த்துவது அதன் நோக்கம். நகரங்களுக்கு வேறோர் அளவுகோலும் உண்டு. கோனைனென்டைக் என்னும் நகர வன அறிஞர் 2021இல் சொன்னது அது. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் மூன்று மரங்கள் கண்ணில் பட வேண்டும்; ஒவ்வொரு பகுதியிலும் 30 விழுக்காடு மர நிழல் இருக்க வேண்டும்; 300 மீட்டருக்குள் ஒரு பூங்கா இருக்க வேண்டும். இதை வகுப்பில் படித்துக் காட்டிய மறுநாள், வீட்டுச் சன்னலிலிருந்து எத்தனை மரம் தெரிகின்றது என்று எல்லாரும் எண்ணி வந்தோம். வாழை மரத்தைக் கணக்கில் சேர்க்கலாமா என்று பெரிய விவாதம் எழுந்தது. வாழையைச் சேர்த்தும், வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் மூன்று தேறவில்லை. ஒரு தோழி, “எங்க வீட்டில் சன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர்தான் இருக்கு” என்றாள். அவள் வரிசையில் பூச்சியம் என்று எழுதினோம்.

பதிவேடு இப்பொழுது பள்ளி நூலகத்தில், தமிழ் அகராதிகளுக்குப் பக்கத்தில் இருக்கின்றது. நாங்கள் பொதுத்தேர்வு எழுதிச் சென்ற பிறகு ஒன்பதாம் வகுப்புத் தங்கையர் ஜூலை மாதத்தில் மறுபடியும் அளக்க வேண்டும். கோடையில் ஐந்து கன்றுகளுக்கும் தண்ணீர் ஊற்ற, காவற்காரத் தாத்தாவும் கடலைக்கார ஆயாவும் ஒப்புக்கொண்டிருக்கின்றார்கள். ஆயாவின் பங்கு புங்கமும் மகிழமும். தையல் ஆசிரியையின் டேப்பை இன்னும் நாங்கள் திருப்பிக் கொடுக்கவில்லை. அது பதிவேட்டின் உள்ளேயே இருக்கின்றது.